பெண் பார்க்கப் போன நாளில் ஓர் ஊமைப்படம்

எனக்குப் பிடித்த காதல் படங்களில் யாருக்கும் குரல் கிடையாது. ஒல்லியான ஒருவன் பூச்செண்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி, பூங்கா வாங்கில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை நெருங்குவான். பின்னால் நிற்கும் குதிரை பூவையெல்லாம் தின்றுவிடும். அவன் வெறும் தண்டை நீட்டுவான். பெண்ணின் அப்பா தடியோடு துரத்துவார். பொலிஸ்காரர் ஒருவர் காரணமே இல்லாமல் அவரோடு சேர்ந்து ஓடுவார். கடைசியில் எல்லோரும் குளத்தில் விழுவார்கள். பத்து நிமிடத்துக்குள் காதல் கைகூடிவிடும்.

மொன்றியலுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், சூடு தேடி நுழைந்த ஒரு நூலகத்தில்தான் இவற்றை முதலில் பார்த்தேன். சனிக்கிழமைகளில் அங்கே ஒரு சின்ன மண்டபத்தில் நூறு வருடப் பழைய குறும்படங்களைப் போடுவார்கள். திரைக்குப் பக்கத்தில் இருந்து ஒரு பெண்மணி பியானோ வாசிப்பார். பிரெஞ்சு தெரியாததால்தான் நான் அங்கே போகிறேன் என்று அக்கா நினைத்தார். பிரெஞ்சு இருக்கட்டும், எனக்குத் தமிழே ஒழுங்காக வாயில் வராது. திக்குவாய். ஊரில் கொன்னை என்பார்கள்.

கொன்னைக்காரனுக்குக் கொன்னையை விடப் பெரிய தொல்லை, உதவி செய்ய வரும் மனிதர்கள். ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்கிறேன். இன்றைக்கு எது புதிது என்று எங்கள் ஆள் ஒருவர் தமிழில் கேட்பார். கத்தரிக்காய் என்று சொல்லத் தொடங்கி முதல் எழுத்திலேயே தடக்கி நிற்பேன். அதற்குள் அவராகவே ஒரு கட்டுக் கரட்டைத் தூக்கிக்கொண்டு, மிகவும் இரக்கமாக ‘மெர்சி’ சொல்லிவிட்டுப் போய்விடுவார். தேத்தண்ணி எனக்கு உயிர். ஆனால் ‘தே’ வராது என்பதற்காக எட்டு வருடம் கடைகளில் கோப்பி வாங்கிக் குடித்திருக்கிறேன். சொல்ல விரும்பியதை விட்டுவிட்டு, சொல்ல முடிந்ததைச் சொல்லியே காலத்தை ஓட்டினேன். நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்கா எனக்குக் கலியாணம் பேசத் தொடங்கினார். முதல் இரண்டு சம்பந்தங்களும், நான் போனில் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள்ளேயே குழம்பிப் போயின. மூன்றாவது இடத்தில் அக்கா முந்திக்கொண்டார். “தம்பி கனக்கக் கதைக்கமாட்டான். அடக்கமான பிள்ளை” என்று அவர்களிடம் சொல்லிவிட்டார். நான் மறுக்கவில்லை. எனக்கு முப்பத்தாறு வயது. அதோடு, அந்தப் பெண்ணை எனக்கு உண்மையாகவே பிடித்துவிட்டது.

அவள் ஒரு கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் வேலை செய்தாள். இரண்டு மாதம் போனில் எழுதிக்கொண்டோம். அவள் எழுதுவதை வாசித்துச் சந்தையில் தனியே நின்று சிரிப்பேன். மூன்று தடவை ‘கோல் எடுக்கட்டோ?’ என்று கேட்டாள். ஒரு தடவை தடிமன் என்றேன், ஒரு தடவை மெத்ரோவில் நிற்கிறேன் என்றேன், மூன்றாம் தடவை பதிலே போடவில்லை. உண்மையைச் சொன்னால் அவள் போய்விடுவாள். சொல்லாமல் கட்டினால், முதல் நாளே பொய்க்காரன் ஆவேன். இரண்டுக்கும் பயந்தேன்.

பெண் பார்க்கப் போவதற்கு முதல் நாள் நூலகத்தில் வழக்கமான படங்களைப் பார்த்தேன். அன்றைக்கு ஏனோ அவர்களுடைய வாயையே கவனித்தேன். ஊமைப்படத்தில் யாருமே ஊமை இல்லை. எல்லோரும் வாய் ஓயாமல் கதைக்கிறார்கள். வாய் அசைந்து முடிந்த பிறகு எழுத்து வருகிறது, மண்டபமே காத்திருந்து வாசிக்கிறது. குரல் இல்லாமலே காதலித்துவிடலாம் என்று இத்தனை வருடம் நான் என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா, அத்தான், நான் மூவரும் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருந்த அவர்களுடைய வீட்டுக்குப் போனோம். மார்ச் மாதம். வெயில் எறித்தது, ஆனால் பகலில் உருகிய பனியெல்லாம் நிழலில் மறுபடியும் கண்ணாடியாக இறுகிக் கிடந்தது. வாசலில் பதினைந்து சோடி பூட்ஸ். எல்லாம் கறுப்பு. மலிவு விற்பனை எங்கே என்று எங்கள் ஆட்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதால், பாதித் தமிழர்களின் காலில் ஒரே பூட்ஸ்தான்.

“தம்பிக்கு எங்கை வேலை?” என்று அவளுடைய அப்பா என்னைக் கேட்டார். அக்கா பதில் சொன்னார். “எந்த வருசம் வந்தனீங்கள்?” அதற்கும் அக்காதான். நான் பொருத்தமான இடங்களில் தலையாட்டினேன்.

“அந்தப் பிள்ளையையும் கதைக்க விடுங்கோவன்” என்றார் அவளுடைய அம்மா. “ரெண்டு பேரும் வெளியில நிண்டு கதைச்சிட்டு வரட்டும். உள்ளுக்கை இடமில்லை.”

பதற்றத்தில் அகப்பட்ட பூட்ஸுக்குள் காலை விட்டுக்கொண்டு வெளியே வந்தேன். வலது காலில் இருந்தது என்னுடையது. இடது காலில் அவளுடைய அப்பாவின் பூட்ஸ், இரண்டு அளவு பெரியது. முதல் படியில் இடது கால் முன்னே போனது, பூட்ஸ் வரவில்லை. மிச்சப் படிகளை முதுகால் இறங்கினேன். கீழே நின்ற சில்லு வைத்த குப்பைத்தொட்டியைப் பிடித்தேன். அது என்னையும் இழுத்துக்கொண்டு சரிவில் ஓடியது. எங்கிருந்தோ பறந்து வந்த அந்தப் பெரிய பூட்ஸ் அவர்களுடைய காரில் விழ, கார் ஊளையிடத் தொடங்கியது. ஜன்னல் முழுக்க முகங்கள்.

பனிக்குவியலில் இருந்து எழுந்தேன். ஒரு காலில் வெறும் காலுறை. என்ன செய்வதென்று தெரியாமல், தொப்பியைக் கழற்றி ஜன்னலை நோக்கிக் குனிந்து வணக்கம் வைத்தேன். எனக்குப் பின்னால் வெளியே வந்திருந்த அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தூக்கிவிட வந்தவள் தானும் வழுக்கி என் பக்கத்தில் விழுந்தாள். யாரோ உள்ளேயிருந்து திறப்பின் பொத்தானை அமுக்கிக் காரின் சத்தத்தை நிறுத்தினார்கள்.

சிரிப்பு அடங்கியதும் அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள். “ஒண்டு கேக்கிறன், உண்மை சொல்லுங்கோ. ஏன் ஒரு நாளும் கோல் எடுக்கேல்லை? வேறை ஆரும் இருக்கினமோ?”

இல்லை என்று தலையாட்டினால் போதும். தலை அரைவாசி அசைந்தும் விட்டது. நிறுத்தினேன்.

“எ... எனக்கு... கொ... கொ...”

அக்கா கதவைத் திறந்து பாய்ந்து வந்தார். “கொஞ்சம் குளிருது போல பிள்ளை, உள்ளுக்கை வாங்கோ!”

அவள் கையை உயர்த்தினாள். “பொறுங்கோ அக்கா. அவர் சொல்லட்டும்.”

அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார். நான் அந்தச் சொல்லோடு மல்லுக்கட்டினேன். வேறு சொல் தேடவில்லை. “கொ... கொன்னை தட்டும்.”

“இதைத்தானோ ரெண்டு மாசமா ஒளிச்சனீங்கள்?”

“ஓம்.”

“வேறை ஆரோ இருக்கினமெண்டு நினைச்சு நான் அழுதனான், தெரியுமோ?” கோபமாகத்தான் கேட்டாள். கண்கள் சிவந்திருந்தன.

“பி... பிழைதான்” என்றேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்.

அவள் தன் கையுறையில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டே இருந்தாள். எழுந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் எழும்பவில்லை.

“பேந்து?” என்றாள்.

பிறகு என்ன என்று விளங்காமல் பார்த்தேன்.

“பேந்து என்ன சொல்ல வந்தனீங்கள்? கொன்னை எண்டு சொல்லவோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?”

என் வசனங்களை முடித்துத் தந்தவர்களுக்குக் கணக்கில்லை. மிச்சத்தையும் சொல்லு என்று ஒருவரும் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்தது, ஒளிக்கவில்லை.

“எ... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு” என்று சொல்ல எவ்வளவு நேரம் எடுத்தது என்று தெரியாது. பாதியில் இரண்டு தடவை கதவு திறந்து மூடியது. அவள் ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசிச் சொல் முழுதாக வந்து முடியும்வரை இருந்துவிட்டு, “எனக்கும்” என்றாள்.