வயலைப் பார்த்த விளம்பரம்

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கிராமத்தில் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்தபோது என்னை முதலில் குழப்பியது, ரைஸ் மில்லின் பின்சுவரில் இருந்த பல்பொடி விளம்பரம்தான். வெளிறிய மஞ்சளில் ஒரு பெரிய பெண் முகம் பல் தெரியச் சிரித்தது. விளம்பரம் என்றால் பஸ் போகும் ரோட்டைப் பார்த்து இருக்கும். இது வயலைப் பார்த்து இருந்தது. நடவு ஆட்களையும் கொக்குகளையும் தவிர அந்தப் பக்கம் யார் வரப்போகிறார்கள்?

மில் அப்போதே மூடிக் கிடந்தது. காவலாளியைக் கேட்டேன்.

"மொதலாளி எழுதச் சொன்னாரு, எழுதினாங்க. ஒங்களுக்கு எதுக்குங்க அதெல்லாம்?" என்று பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்.

வயலுக்கு அப்பால் விவசாயக் கூலிகளின் தெரு. அங்கே ஒரு குழந்தைக்குத் தடுப்பூசி போட்டபோது அதன் தாயிடம் கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள்.

"நாங்க பல்லு வெளக்கணும்னா எழுதினாங்க? அதுக்கு அடியில எங்க எழுத்து இருக்கு நர்ஸம்மா."

அவள் சொன்னது இதுதான்: அறுபத்தேழில் ஆட்சி மாறிய புதிது. அவள் அப்போது சின்னப் பிள்ளை. அறுவடை நேரத்தில் கூலித் தகராறு. சுற்றியிருந்த நிலமும் மில்காரருடையதுதான். தெருவுக்கு நேர் எதிரே இருந்த அந்தச் சுவரில் அவள் அப்பாவும் சிலரும் தாரால் எழுதினார்கள். மில்காரர் சுண்ணாம்பு அடித்தார். தார் ஊறி மேலே வந்தது. மறுபடி அடித்தார்; மறுபடி வந்தது. அந்தச் சமயம் முன்சுவரில் பல்பொடி விளம்பரம் வரைய வந்த பெயின்டரை, பின்பக்கமும் வரையச் சொல்லிவிட்டார்.

"என்ன எழுதியிருந்தாங்க?"

"மழ பேஞ்சா போய்ப் பாருங்க. நல்லாத் தெரியும்."

ஐப்பசியில் விடாமல் பெய்த ஒரு காலையில் குடையோடு வரப்பில் நின்றேன். நனைந்த மஞ்சளுக்குள்ளிருந்து, அந்தப் பெண்ணின் பற்களுக்குக் குறுக்கே, 'கூலியை உயர்த்து' என்று கருப்பாகத் தெரிந்தது. இடம் பத்தாமல் கடைசி எழுத்துகள் மோவாய்க்குச் சரிந்திருந்தன. சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த முறை அவள் வீட்டுக்குப் போனபோது, "கூலி கூடுச்சா?" என்று கேட்டேன்.

"அந்த அறுப்புக்கு இல்லங்க. வெளியாள வச்சு அறுத்தாங்க. அப்பாவ ஸ்டேஷன்ல ஒக்கார வச்சாங்க. அடுத்த வருஷந்தான் குடுத்தாங்க." குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "ஆனா அந்தப் படத்தப் பாத்துப் பாத்து, எங்களுக்கும் அந்தப் பல்பொடிதான் வேணும்னு ஒரே அழுவ. அப்பா திட்டிக்கிட்டே வாங்கியாந்தாரு. இனிச்சுதுங்க. பாதியத் தின்னுட்டோம்."