காசிம் நானாவின் பூப்போட்ட கல்

கடந்த ஞாயிறு, சலூனில் என் ஒரு கன்னம் மட்டும் சவரமாகியிருந்தபோது அந்தச் சாவுச் செய்தி வந்தது. "கண்டக்டர் காசிம் நானா மௌத்தாம்" என்று யாரோ வாசலில் சொன்னார்கள். மறு கன்னத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நடந்தேன்.

வாத்தியாரான நான், நாவுல–மாத்தளை பஸ்ஸில் பல வருடம் அவரிடம் டிக்கட் வாங்கியவன். அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பஸ் நாவுலையில் நிற்கும் நேரமெல்லாம் அவர் ஆற்றுக்கல்லை மடியில் வைத்து, மிஞ்சிய பஸ் பெயின்டால் கொடியும் பூவும் போடுவார். "கண்ணு வெச்ச உசுரு ஒண்டும் வரைய மாட்டேன், மாஸ்டர்" என்பார். பஸ் சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கும் கல்லையும் அவர் விடவில்லை.

"சில்லுக்குக் கீழ கெடக்குற கல்லுக்கு மாப்பிள்ளை அலங்காரமா, நானா?" என்று கேட்டேன்.

"பூப் போட்டா தொலையாது. தூரத்துலயே தெரியும்."

தெரிந்தது, என் கண்ணுக்கு. ஒருநாள் பலாபத்வலையில் இறங்கும்போது, படியருகே கிடந்த அந்தக் கல்லைத் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டேன். மனைவியிடம் 'அன்பளிப்பு' என்று சொல்லப் பொய்யும் தயார்.

அந்த ஊர் ஏற்றத்தில்தான் டிரைவர் பஸ்ஸை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணிக்கு இறங்குவார். நானா கல்லைத் தேடிக்கொண்டிருக்கும்போதே பஸ் பின்னால் உருண்டு, கடையின் வாழைக்குலைப் பந்தலைச் சாய்த்து நின்றது. ஆட்களுக்குச் சேதமில்லை, வாழைப்பழத்துக்குத்தான்.

பஸ் டிப்போவிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். "கல்லு எங்க?"

கூட்டத்தோடு நானும் நின்றேன். காலையில்தான் பூச்சைப் புதுப்பித்திருக்கிறார் போலும். பைத்துணியைக் கடந்து என் வெள்ளை வேட்டியில் பச்சை இறங்கியிருந்தது. நானா அதைப் பார்த்தார். மெல்ல நகர்ந்து, வேட்டியை மறைத்து என் முன்னால் நின்றுகொண்டார்.

"நான்தான் வெக்க மறந்துட்டேன், ஐயா."

ஒரு மாதம் அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். கல்லோடு அவர் வீட்டுக்குப் போனேன். "ஏன் நானா அப்படிச் சொன்னீங்க?"

"கண்டக்டர் மறந்தா ஒரு மாசம். வாத்தியார் களவெடுத்தா ஆயுசுக்கும்" என்றார். பிறகுதான் ஏச்சு: "கேட்டா தந்திருப்பேனே, மடையன் மாஸ்டர்!"

பஸ் கல்லை வாங்கி வைத்துக்கொண்டு, என் மனைவிக்கென்று வேறொரு கல்லில் மல்லிகைக்கொடி போட்டார். அது காயும்வரை என்னை எழும்ப விடவில்லை.

ஊர் வம்பெல்லாம் பேசும் என் வாய் இந்த ஒன்றை மட்டும் பேசியதில்லை. மையத்து வீட்டிலும் ஒரு பழைய டிரைவர், "தங்கமான மனுசன். ஒரே ஒரு தடவ கல்லு வெக்க மறந்துட்டார்" என்றார். அப்போதும் தலையாட்டினேன்.

ஆகவே அவரை அறிந்தவர்கள் கேளுங்கள்: காசிம் நானா மறக்கவில்லை. கல் என் பையில் இருந்தது.

நன்றி, நானா. நிம்மதியாகப் போங்கள். அந்தப் பிழை இனி என் பெயரிலேயே இருக்கட்டும்.