ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

காலர் அக்கா என்றால் அந்தத் தையல் ஆலையின் வாசல் காவலாளி வரைக்கும் தெரியும். இருபத்திரண்டு வருடமாகச் சட்டைக் கழுத்து மட்டும்தான் தைக்கிறாள். ஒரு காலரைக் கையில் எடுத்தால் போதும், அதைத் தைத்தது யார், எந்தக் கோபத்தில் தைத்தாள் என்பது வரை சொல்லிவிடுவாள். தன் கெட்டிக்காரத்தனத்தின் மேல் அவளுக்கு அப்படியொரு நம்பிக்கை. அதுதான் அவளைக் கவிழ்க்கப் பார்த்தது.

இரண்டு வருடத்துக்கு முன்பு மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியது. இதயத் தசை பலவீனமாகிவிட்டது, ரத்தத்தைத் தேவையான அளவு தள்ள முடியவில்லை என்றார் டாக்டரம்மா. மூன்று மாத்திரை எழுதிக் கொடுத்து, ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்று பொறுமையாக விளக்கினார். மறுநாளே காலர் அக்கா அதைப் பஸ்ஸில் பாதிப் பேருக்கு விளக்கினாள். முதல் மாத்திரை ரத்தக் குழாயின் இறுக்கத்தைத் தளர்த்தும். எதிர்ப்பு குறைந்தால் சோர்ந்த இதயம் சிரமப்படாமல் தள்ளும். இரண்டாவது, பதறி ஓடும் துடிப்பை நிதானப்படுத்தும். மெஷினை மிதித்து விரட்டாமல் இருந்தால் தையல் ஒழுங்காக விழுகிற மாதிரி, அவசரம் குறைந்தால் இதயம் நன்றாக நிரம்பித் துடிக்கும். மூன்றாவது, உடம்பில் தேங்கிய உப்பையும் நீரையும் சிறுநீராக வெளியேற்றும். போட்ட ஒரு மணி நேரத்தில் வேலையைத் தொடங்கி, மதியம் வரைக்கும் விடாது.

கடைசிச் சங்கதியில்தான் வில்லங்கம். அவள் வரிசையில் நாற்பது பெண்கள். கழிப்பறைக்குப் போக ஆணியில் தொங்குவது இரண்டே இரண்டு டோக்கன். எடுத்துக்கொண்டு போனால் சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். ஒரு காலையில் நான்கு முறை போனால் வரிசை நின்றுபோகும், வேலையும் கையைவிட்டுப் போகும். சாயங்காலம் போடலாமென்றால் ஓவர்டைம் முடிந்து வீடு சேரவே எட்டரை ஆகிறது. அப்புறம் தூக்கம் எங்கே?

ஆகவே அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். மற்ற இரண்டும் தினமும். மூன்றாவதான தண்ணீர் மாத்திரை மட்டும் லீவு நாளான ஞாயிற்றுக்கிழமையில். வாரத்துக்கு ஒரு தடவை சுத்தமாக வெளியேற்றினால் போதாதா என்று தனக்குத்தானே டாக்டராகிவிட்டாள். மிஞ்சிய மாத்திரைகள் ஒரு பழைய பவுடர் டப்பாவுக்குள் போயின.

உடம்பு அந்தக் கணக்கை ஒத்துக்கொள்ளவில்லை. கணுக்கால் வீங்கியது, மூன்று கிலோ எடை ஏறியது, இரண்டு தலையணை இல்லாமல் படுக்க முடியவில்லை. மாத்திரையெல்லாம் ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று டாக்டரம்மா கேட்டபோது, ஒரு நாளும் விடுவதில்லை என்று முகம் மாறாமல் சொன்னாள். பாவம், அவர் என்ன செய்வார்? இந்த அளவு போதவில்லை என்று நினைத்து, தண்ணீர் மாத்திரையை இரட்டிப்பாக்கினார்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை அவள் இரண்டு போட்டாள். விட்ட நாட்களை ஈடுகட்ட இன்னொன்றும் போட்டாள். காலை முழுக்கக் கழிப்பறைக்கும் கூடத்துக்கும் நடந்தாள். மதியம் குனிந்து துணி துவைத்துவிட்டுச் சட்டென்று நிமிர்ந்தவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வாளியோடு சரிந்து விழுந்தாள். சத்தம் கேட்டு ஓடிவந்த கணவன், ஆஸ்பத்திரியில் காட்ட மாத்திரை அட்டையைத் தேடி அலமாரியைக் கவிழ்த்தான். போடாத மாத்திரைகள் நிறைந்த பவுடர் டப்பாதான் கிடைத்தது.

ரத்த அழுத்தம் தரைமட்டத்துக்கு வந்திருந்தது. ரத்தப் பரிசோதனையில் உப்புச்சத்துகளும் குறைந்திருந்தன. இரண்டு நாள் படுக்கவைத்துச் சரிசெய்தார்கள். கணவன் டப்பாவை டாக்டரம்மாவின் மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டான். அவன் கண் கலங்கியிருந்ததை அவள் பார்த்துவிட்டாள். அதுதான் அவளுக்கு ரொம்ப வலித்தது.

"நீங்க சாப்பிடறீங்கன்னு நம்பித்தான்மா நான் ஏத்தினேன்," என்றார் டாக்டரம்மா. "மாத்திரை கேக்கலையா, நீங்க போடலையான்னு தெரியாம நான் எப்படி வைத்தியம் பண்றது?"

காலர் அக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. டோக்கன் கதையை முதல்முறையாக ஒளிக்காமல் சொன்னாள். டாக்டரம்மா மாத்திரையைப் பழைய அளவுக்கே இறக்கினார், தினமும் காலையில், ஒரு நாளும் விடாமல். ஒரு வாரம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை. ஆலைக்குக் கடிதம் எழுதித் தரட்டுமா என்று கேட்டார்.

"தேவைப்பட்டா வாங்கிக்கறேன் டாக்டர். மொதல்ல என் வாயாலேயே சொல்லிப் பாக்கறேன்."

வேலைக்குத் திரும்பிய அன்று, எட்டு மணிக்கு, சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து நின்றபோது எல்லார் முன்னாலும் மாத்திரையை விழுங்கினாள். இதயத்துக்கான மாத்திரை இது, மதியத்துக்குள் நாலு தடவை எழுந்து போவேன் என்றாள். அவர் ஆணியைப் பார்த்தார். இரண்டு டோக்கனும் வெளியே போயிருந்தன. திரும்பி வரட்டும் அக்கா, அப்புறம் போங்க என்றார்.

"எனக்கு வர நேரத்துல நான் போவேன் சார். சாயங்காலம் என் காலரை எண்ணிப் பாருங்க. ஒண்ணு கொறைஞ்சாலும் அப்ப பேசுங்க."

ஒன்பது மணிக்கு எழுந்தாள், டோக்கன் இல்லாமலே நடந்தாள். சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் வந்து உட்கார்ந்ததும், பக்கத்து மெஷினில் கைப்பட்டி தைப்பவள் தலை நிமிராமல் பேசினாள். ஆறு வருடமாகப் பக்கத்தில் இருந்தும் வாய் திறக்காதவள்.

"அக்கா, எனக்குப் பிரஷர். ரெண்டு மாத்திரை குடுத்தாங்க. ஒண்ணுதான் போடறேன்."

எது விட்டுப்போகிறது என்று காலர் அக்கா கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் கணுக்காலைக் குனிந்து பார்த்தாள். செருப்பு வார் வீங்கிய சதையில் பதிந்திருந்தது.

"விட்ட மாத்திரையை நாளைக்கே எடுத்து முழுங்கிடாதே," என்றாள். "மொதல்ல டாக்டர்கிட்ட போய் போடலைன்னு சொல்லு. தனியா போக பயமா இருந்தா நான் வரேன்."