பட்டன் போட்டபடியே வெட்டிய சட்டை

செய்தித்தாளில் சுற்றி, சணலால் கட்டி, ஒரு காலை நேரத்தில் என் மிஷின் பலகை மேல் வந்து விழுந்தது அந்தச் சட்டை. அப்போது எனக்குக் கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தில் ஒரு தூண் ஓரம்தான் கடை, மிஷினும் ஒன்றுதான். பிரித்துப் பார்த்தேன். வெள்ளைக் கதர், முழுக்கை, காலரிலிருந்து முதுகு வரை காய்ந்து கறுத்த இரத்தம். நான் தைத்த சட்டை. என் தையலைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே சொல்லிவிடுவேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எனக்கு அல்லா கொடுத்த படிப்பெல்லாம் விரல் நுனியில்தான். அந்தப் படிப்பை வைத்துத்தான் இன்று மதுரையில் மூன்று கடை நடத்துகிறேன். யார் தயவிலும் வந்ததில்லை.

சட்டைக்குச் சொந்தக்காரரைத் தலைவர் என்றே சொல்கிறேன். பிற்பாடு டெல்லி வரை போனவர். அன்றைக்கு விவசாயக் கூலிகளுக்குச் சங்கம் நடத்திக்கொண்டிருந்தவர். எழுமலைப் பக்கம், சொந்தமாக ஒரு குழி நிலம்கூட இல்லாத வீட்டுப் பிள்ளை. முதல்முறையாகப் பாராளுமன்றத் தேர்தலுக்கு நின்றிருந்தார். சட்டையைக் கொண்டுவந்தவர் அவருடைய செயலாளர். கொட்டாம்பட்டிக்காரர். தலைவருக்குப் பசித்தால் இவருக்கு வயிறு காயும், அப்படி ஒரு ஒட்டுதல். இரண்டு நாளைக்கு முன்பு திருச்சி ரோட்டில் வறட்சி நிவாரணம் கேட்டு மறியல் நடந்து, தடியடியாகி, தலைவர் தோள்பட்டை உடைந்து, நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

"பாய், இத ஒரு துணியில விரிச்சு ஒட்டித் தச்சுக் குடுங்க. கூட்டத்துல கழியில கட்டித் தூக்கணும்" என்றார் செயலாளர். கண் சிவந்திருந்தது.

அவர் டீ குடிக்கப் போனதும் சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறுத்தியது. அடிதடியில் சட்டை கிழிந்தால் முதலில் கை இணையும் கைக்குழியில் தையல் விடும், பை தொங்கும், பட்டன் தெறிக்கும். இந்தச் சட்டையில் கைக்குழி அப்படியே இருந்தது. மேலிருந்து கீழ்வரை எல்லாப் பட்டனும் போட்டபடி இருந்தது. பட்டன் பட்டிக்கு ஒட்டினாற்போல் கீழ் மடிப்பிலிருந்து கழுத்துவரை ஒரே வெட்டு. வலது கையில் மணிக்கட்டிலிருந்து தோள்வரை இன்னொரு வெட்டு. கிழிந்த துணியில் பிசிறு நீளும். இதில் நூல் மொட்டையாக நின்றது. அதுவும் சின்னக் கத்தரி. நறுக் நறுக்கென்று இரண்டு விரற்கடைக்கு ஒருதரம் நின்று நின்று போயிருந்தது. எங்கள் தொழில் கத்தரி அப்படிப் போகாது.

செயலாளர் திரும்பி வந்ததும் கேட்டேன். "இது கிழிஞ்சதில்லையே அண்ணே. வெட்டுனதுல்ல?"

"ஆஸ்பத்திரியில பொட்டலமா குடுத்தாக, வாங்கிட்டு வந்தேன். நான் பிரிச்சே பாக்கல பாய்" என்றார்.

நான் நம்பவில்லை. ஆஸ்பத்திரிக்காரனுக்குப் பட்டன் கழற்றத் தெரியாதா? இவர்தான் வீட்டில் உட்கார்ந்து, மேடைக்குத் தோதாக வெட்டியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். தைத்துக் கொடுத்தேன். அன்று சாயங்காலமே டீக்கடையில் நாலு பேருக்கு நடுவில், எவனும் கேட்காமலே, எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருக்கிறது என்ற மிதப்பில், அதைச் சொல்லிவிட்டேன். அந்த நாலு பேரில் என் மச்சானும் ஒருவன். எதிர்க்கட்சிக்குக் கொடி கட்டுகிறவன்.

மறுநாளே கத்தரிச் சட்டை என்று பேர் வைத்துவிட்டார்கள். தலைவர் கூட்டம் நடக்கும் இடத்தில் எதிர்க்கட்சிப் பையன்கள் கத்தரிக்கோலைத் தூக்கிக் காட்டி, "அண்ணே, அளவு எடுக்கவா?" என்று கத்தினார்கள். இருந்தாலும் தலைவர் ஜெயித்தார். சொற்ப ஓட்டுதான். டெல்லிக்குப் போகுமுன் துணியோடு என் கடைக்கு வந்தார். தோளில் இன்னும் கட்டு இருந்தது. "பாய், பதவி ஏத்துக்கப் போறேன். தைங்க" என்றார். சட்டையைப் பற்றி ஒரு வார்த்தையில்லை. கட்டுப் போட்ட தோளை இரண்டுதரம் அளந்தேன்.

அதற்குப் பிறகு அவருடைய ஒவ்வொரு ஏற்றமும் என் மிஷின் வழியாகத்தான் போனது. இரண்டாம்முறை தோற்றார், தோற்ற வாரமும் ஒரு சட்டைக்குக் கொடுத்தார். மறுபடி ஜெயித்தார். இணை அமைச்சரானார், அன்றைக்கு மூடு கழுத்துக் கோட்டு, நாலு நாள் சோறு தண்ணி பார்க்காமல் தைத்தேன். கட்சியில் அகில இந்தியப் பொறுப்புக்கு வந்தார், கழுத்தளவு கூடியிருந்தது. தொலைக்காட்சியில் அவர் கும்பிடும்போது ஊர் முழுக்க முகத்தைப் பார்க்கும், நான் தோள்மூட்டைப் பார்ப்பேன். சுருக்கம் விழுந்ததில்லை. ஆனால் ஒவ்வொருதரமும் எனக்குள் ஒரு கேள்வி. டெல்லியில் இல்லாத தையல்காரனா? என் வாயை அடைக்கத்தான் இந்த மனுஷன் வருகிறார் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே துணியையும் வாங்கிவைத்தேன்.

செயலாளர் கூட வருவதுதான் நின்றுபோனது. முதல் ஜெயிப்பு முடிந்து ஒரு வருஷத்துக்குள் அவர் தலைவரோடு இல்லை. ஒன்றிய அளவில்கூட அவருக்குச் சீட்டுக் கிடைக்கவில்லை. கொட்டாம்பட்டியில் தென்னங்கன்று விற்கிறார் என்றார்கள். குட்டு உடைந்ததும் ஆளை ஒதுக்கிவிட்டார்கள் என்று எனக்குள் தலையாட்டிக்கொண்டேன். என் சந்தேகத்துக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

போன வருஷம் திருப்பரங்குன்றம் ரோட்டில் ஒரு ஆட்டோ என் மொபெட்டை இடித்துத் தள்ளியது. கண் விழித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டில், வலது தோளில் கட்டு. வீட்டுக்காரி கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் நான் போட்டிருந்த சட்டை. இடது கையால் உருவினேன். எல்லாப் பட்டனும் போட்டபடி இருந்தது. பட்டியை ஒட்டிக் கீழிருந்து கழுத்துவரை ஒரு வெட்டு, மணிக்கட்டிலிருந்து தோள்வரை ஒரு வெட்டு. இரண்டு விரற்கடைக்கு ஒருதரம் நின்று நின்று.

பக்கத்திலிருந்த நர்சிடம், "ஏம்மா, பட்டன் கழட்டத் தெரியாதா?" என்றேன்.

"கை ஒடஞ்சு மயக்கமா கெடக்குற ஆளப் பொரட்டிப் பொரட்டிப் பட்டன் கழட்டுவாகளா தாத்தா? வெட்டித்தான் எடுப்போம். ஒங்களுக்கு மட்டுமா, எல்லாருக்கும் அப்புடித்தான். புதுச் சட்டையோ?" என்று சிரித்துவிட்டு, கையிலிருந்த, முனை மழுங்கிய ஒரு சின்னக் கத்தரியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டது அந்தப் பிள்ளை.

எலும்பு கூடி எழுந்த பிறகும் மாசக்கணக்கில் நான் யாரிடமும் சொல்லவில்லை. துணி விஷயத்தில் என் கண் தப்பாது என்று ஊரே சொல்லும். நானும் சொல்லியிருக்கிறேன். அப்படியிருக்க எந்த வாயால் சொல்வது?

இந்த வருஷம் தலைவரின் பொதுவாழ்வுக்குப் பாராட்டு விழா என்று இரண்டு இளைஞர்கள் கடைக்கு வந்தார்கள். விழா மலருக்கு நான் ஏதாவது சொல்ல வேண்டுமாம். அவர் வாழ்க்கையில் முக்கியக் கட்டங்கள் என்று ஒரு நீளப் பட்டியலை வாசித்தார்கள். சங்கம், தேர்தல், அமைச்சர், வெளிநாட்டுப் பயணம், எல்லாம் இருந்தது. மறியலும் அந்தச் சட்டையும் இல்லை. "தடியடி எங்கப்பா?" என்றேன். "அத மட்டும் போட வேணாம்னு தலைவரே அடிச்சிட்டாரு தாத்தா" என்றார்கள்.

மறுநாள் தலைவர் மதுரை வந்து தங்கியிருந்த வீட்டுக்குப் போனேன். அளவெடுக்க வந்திருப்பதாக நினைத்துக் கையைத் தூக்கினார். உட்காரச் சொல்லிவிட்டு நடந்ததைச் சொன்னேன். என் தோளைக் காட்டினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் கேட்டார்:

"அவன் அனுப்புனானா ஒங்கள?"

"யாரு அண்ணே?"

"கொட்டாம்பட்டியான். விழா நேரம் பாத்து அனுப்புறானா?"

"அல்லா மேல ஆணையா இல்ல."

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் மயக்கமா கெடந்தேன் பாய். எவன் வெட்டுனான்னு எனக்கு எப்புடித் தெரியும்? ஆனா ஒங்க கண்ணு தப்பாதுன்னு தெரியும். நீங்க சொன்னீகன்னுதான் அவன ஒதுக்குனேன். ஒங்ககிட்டத் தைக்கிறத நிறுத்துனா, பாய் சொன்னது நெசம்தான்னு ஊரு பேசும். அதான் வந்துக்கிட்டே இருந்தேன்."

ஊர் பேசும் என்று அவர் போட்ட கணக்கு சரியாகத்தான் இருந்தது. வாயை அடைக்க வருகிறார் என்று நான் சந்தேகப்பட்டதும் பாதி சரிதான், அடைத்தது என் வாயை இல்லை, ஊர் வாயை. ஆனால் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு மனுஷன் காணாமல் போயிருந்தான். தலைவரின் எதிரிகள் சொன்னதையெல்லாம் அவர் காதில் வாங்காமல் கடந்து போயிருக்கிறார். வாங்கியது ஐந்தாம் வகுப்புத் தையல்காரன் சொன்னதை மட்டும்.

அங்கிருந்து நேரே மாட்டுத்தாவணி போய்க் கொட்டாம்பட்டிக்குப் பஸ் ஏறினேன். செயலாளர் மெலிந்து போயிருந்தார். தென்னங்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் குழாயை மூடினார். வாங்க என்று சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவருகிட்டச் சொல்லிட்டீகளா?"

"சொல்லிட்டுத்தான் வாரேன்."

"நம்புனாரா?"

பொய் சொல்ல ஆசையாக இருந்தது. "நீங்க அனுப்புனீகளான்னு கேட்டாரு" என்றேன்.

செயலாளர் இருமல் வரும் வரை சிரித்தார். விழா மேடையில் எனக்கு இரண்டு நிமிஷம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அங்கே சொல்லிவிடுகிறேன் என்றேன். "வேணாம் பாய். அங்க சொன்னா அவரு சொல்லச் சொன்னாருன்னு ஆயிரும். டெல்லிக்கெல்லாம் தெரிய வேணாம். இங்க தெரிஞ்சாப் போதும். எம் பேரப்பய ஒருநா கேட்டான், தாத்தா நீதான் அந்தச் சட்டைய வெட்டுனியான்னு" என்றார்.

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தார். பஸ் நிறுத்தத்தில் டீக்கடை. ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். "இந்தாங்கய்யா, கத்தரிச் சட்டைன்னு மொதமொதல்ல சொன்ன பாய் இவருதான். இப்ப என்ன சொல்றாருன்னு கேளுங்க" என்றார்.

சொன்னேன். வெட்டு, பட்டன், பிசிறு, நர்சுப் பிள்ளை சொன்னது, ஒன்றையும் விடவில்லை. தப்பு என் கண்ணில்தான் என்றும் சொன்னேன். வாழ்க்கையில் அதுதான் முதல்தடவை. மதுரை பஸ் வந்து நின்று போனது. மூலையில் துண்டைத் தலையில் போட்டிருந்த பெரியவர் ஒருத்தர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அது சரி பாய், இப்புடிச் சொல்றதுக்கு இவரு எம்புட்டுக் குடுத்தாரு?"

கடையே சிரித்தது. செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் டீக் கிளாஸைக் கீழே வைத்தேன். கட்டுப் பிரித்த தோளை அந்தப் பெரியவர் பக்கம் திருப்பி, சட்டைப் பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எலும்பு கூடிய இடத்தைக் காட்டிக்கொண்டு, முதலிலிருந்து மறுபடி சொல்லத் தொடங்கினேன்.