சில்லில் எழுதிய சொற்கள்

ஐம்பது வயதில் இந்தி படிக்கிறாள் என் மகள். மறக்கப்போகிற நேரம் பார்த்து அதே சொல்லைத் திரும்பக் கேட்கிறது அவள் கைபேசி. ஞாபகசக்தியை ஆராய்ந்தவர்கள் கண்டுபிடித்த முறையாம். கேட்டதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளில், விருத்தாசலத்தில், மூன்று மண்சட்டிகளை வைத்துக்கொண்டு நானும் அதைத்தான் செய்தேன்.

வீட்டுக்காரருக்குப் பீங்கான் கம்பெனியில் கல்மாவு அரைக்கும் இடத்தில் வேலை. இருமல் நிற்கவில்லை. தூசியை விட்டால்தான் பிழைப்பார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் இருவரில் பத்தாவது தேறியவள் நான். சர்க்கார் குமாஸ்தா பரீட்சையில் பாஸானால் அவர் வேலையை விட்டுவிடலாம். இங்கிலீஷ் சொற்கள்தான் என்னைப் பயமுறுத்தின.

தாள் எதற்கு என்று நான்தான் கெட்டிக்காரத்தனம் செய்தேன். மெருகு பூசும் முன்பே உடைந்துபோன கப், பொம்மைச் சில்லுகளை அவர் பையில் கொண்டுவருவார். பென்சில் நன்றாகப் பிடிக்கும். ஒரு பக்கம் இங்கிலீஷ், மறுபக்கம் தமிழில் பொருள். அவருக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். இங்கிலீஷை என் பக்கம் காட்டிவிட்டு, தன் பக்கம் பார்த்துத் திருத்துவார். சரியாகச் சொன்னது அடுத்த சட்டிக்குப் போகும், மறந்தது முதல் சட்டிக்கே திரும்பும். முதல் சட்டி தினமும், இரண்டாவது மூன்று நாளைக்கு ஒருமுறை, கடைசிச் சட்டி வாரம் ஒருமுறை.

"இந்தா, எல்லாம் கடைசிச் சட்டிக்குப் போயிட்டுது. இனிமே நீ தொரசானிதான்" என்று இருமிக்கொண்டே சிரித்தார்.

கடலூரில் பரீட்சை. கேள்வித்தாளில் எல்லாம் நான் எழுதிவைத்த சொற்கள். பாதிக்குமேல் பொருள் வரவில்லை. அப்போதுதான் புரிந்தது, நான் சொல்லைப் படிக்கவே இல்லை என்று. பிடி ஒடிந்த கப்பென்றால் 'தயக்கம்', மூக்கில்லாத பொம்மைத் தலையென்றால் 'கருணை' என்று சில்லைப் பார்த்தே சொல்லியிருக்கிறேன். தாளில் ஏது பொம்மைத் தலை? கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"போனா போவுது, அடுத்த வாட்டி எழுது. நான் போயிட்டு வரேன்" என்று மறுநாளும் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அவர் வேலைக்குப் போனார். அடுத்த பரீட்சை வர இரண்டு வருஷம் ஆனது. அதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இரண்டாம் முறை ஒரே அளவாகத் தாள் வெட்டி, கலைத்துக் கலைத்துப் படித்தேன். இந்த மகள் அப்போது கைக்குழந்தை, என் மடியில். கேட்பதும் நானே, சொல்வதும் நானே. பாஸானேன். யாரைக் காப்பாற்ற?