பெரியம்மா பேரில் ஓர் உரிமம்

அச்சகத்தின் உரிமம் பெரியம்மா பேரில் இருந்தது. அவளுடைய தம்பி, அதாவது என் மாமா, எதையோ எழுதி ஏற்கெனவே ஒருமுறை ஜெயிலுக்குப் போனவர். அப்படிப்பட்டவருக்கு அரசாங்கம் உரிமம் தராது. "உன் பேரை மட்டும் குடுக்கா, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார். அவர் எதைப் பார்த்தார்? எழுத்துக் கோர்த்தது, மெஷினுக்கு மை போட்டது, ஒவ்வொரு கைப்பிரதியையும் தணிக்கை அலுவலகத்துக்குத் தூக்கிப்போய் முத்திரை வாங்கியது எல்லாம் பெரியம்மாதான். மாமா நாற்காலியில் உட்கார்ந்தபடி நாட்டைத் திருத்திக்கொண்டிருந்தார்.

எந்தப் புத்தகமானாலும் கடைசிப் பக்கத்தின் அடியில் அச்சிட்டவர் பெயர் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஒவ்வொரு தடவையும் கோர்ப்பானேன் என்று தன் பேர் உள்ள அந்த ஒரு வரியின் ஈய எழுத்துகளைப் பெரியம்மா நூலால் கட்டித் தனியாக வைத்திருந்தாள்.

ஒருநாள் மாமா எட்டுப் பக்கத்தில் ஒன்றைக் கொண்டுவந்தார். தணிக்கையைத் திட்டி எழுதியது. திருட்டுத்தனமாக அடிக்க வேண்டியது. "பேர் போட்டுடாதக்கா" என்று சொல்லித்தான் கொடுத்தார். அவளும் தலையாட்டினாள். ஆனால் கடைசிப் பக்கத்தை முடிக்கும்போது, இத்தனை வருஷப் பழக்கத்தில், கை தன்னால் அந்த வரியை எடுத்து அடியில் வைத்துவிட்டது. மெய்ப்புத் தாளில் மாமா தன் வாக்கியங்களைத்தான் ரசித்தார். எல்லாப் புத்தகத்திலும் இருக்கிற வரி யார் கண்ணில் படும்? பிரதிகள் ஊரெங்கும் போன பிறகு போலீஸ் வந்தது.

"எழுதினது யாருன்னு சொல்லுங்கம்மா, விட்டுடறோம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தெரியாதுங்க. என் பேர்தானே போட்டிருக்கு? என்னைக் கூட்டிட்டுப் போங்க."

மாமா அப்போது எங்கள் வீட்டில் ஒளிந்திருந்தார். "நீ போய் ஒத்துக்கிட்டா அக்காவை விட்டுடுவாங்கடா" என்று அம்மா அழுதாள். "நானும் உள்ள போயிட்டா எழுத யார் இருக்கா?" என்று கேட்டுவிட்டு மறுசோற்றுக்குத் தட்டை நீட்டினார். கழுவுற மீனில் நழுவுற மீன். அந்த வாரமே எல்லை தாண்டிப் போய்விட்டார். எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

பெரியம்மா மூன்று வருஷம் கழித்து வந்தாள். முன்பற்கள் இல்லை. மெஷினை அரசாங்கம் ஏலம் விட்டிருந்தது. அவளுக்கு வேறு தொழில் தெரியாது. எங்கோ விசாரித்து, பழைய மெஷின் ஒன்று வாடகைக்குக் கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். உரிமம்தான் கிடைக்காது; இப்போது அவளும் ஜெயிலுக்குப் போனவள்.

"உன் பேர்ல எடுக்கலாமாடி?" என்று அம்மாவிடம் கேட்டாள்.

அக்கா சொல்லை அம்மா அதுவரை தட்டியதே இல்லை. என்னை ஒருமுறை பார்த்தாள். "வேண்டாம்க்கா. பயமா இருக்கு."

பெரியம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "அவன் கேட்டப்போ நானும் இப்படித்தான் சொல்லியிருக்கணும்" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.