வராதவளுக்குப் போட்ட வருகை

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் அந்த வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு மாதமும் முதல் வேலைநாளில், தலைமையாசிரியர் அறைக்கு வெளியே சுவரில் கறுப்பு பூசியிருந்த சதுரத்தில், ‘இந்த மாதம் நம் பள்ளியில்’ என்று தலைப்புப் போட்டு, வரப்போகிற காரியங்களை எழுத வேண்டும். மாதத் தேர்வு எந்த வாரம், உயரமும் எடையும் பார்க்கும் நாள் எது, தடுப்பூசி போட நர்ஸம்மா எப்போது வருவார், பெற்றோர் கூட்டம், விடுமுறைகள். எழுதி முடித்து நாற்காலியிலிருந்து இறங்குவதற்குள் பின்னால் பத்துப் பதினைந்து பிள்ளைகள் சேர்ந்துவிடும்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையில், பெரிய ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருந்தது எங்கள் நடுநிலைப் பள்ளி. நான் மதுரைப் பக்கத்துக்காரி. கணவருக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்ததால், இரண்டு வருடம் அலைந்து மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தேன். கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் விட்டுவிட்டுக் காலை ஏழரை மணி பஸ்ஸைப் பிடிப்பேன். ஊரைச் சுற்றி ராகிக் கொல்லையும் மாந்தோப்பும்தான். ஆனால் ரோட்டோரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட பட்டறைகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. பெரிய கம்பெனிகளுக்கு வாஷர், கிளிப்பு, தகடு என்று சின்னச் சின்ன உருப்படிகளை அச்சில் அடித்துக் கொடுக்கிற பட்டறைகள்.

ஏழாம் வகுப்பு என்னுடையது. அதில் ஒரு பெண் இருந்தாள். நான் போர்டில் எழுதுவதை முதலில் படிப்பவள் அவள்தான். சத்தமாகத் தமிழில் படிப்பாள். பிறகு சின்னப் பிள்ளைகளுக்குத் தெலுங்கில் சொல்வாள். கன்னடம் பேசுகிற வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் விழித்தால் அவர்களுக்கும் சொல்வாள். எனக்கு அப்போது இரண்டு மொழியும் வராது. முதல் வருடம் முழுக்கப் பெற்றோர் கூட்டத்தில் அவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டுதான் சமாளித்தேன்.

ஜனவரி மாதத்து வரிகளை எழுதிய அன்று அவள் கேட்டாள்.

“டீச்சர், ‘ஆண்டாய்வு’ன்னா இன்னா?”

“பெரிய ஆபீசர் வந்து நீங்கள்லாம் எப்படிப் படிக்கிறீங்கன்னு பார்ப்பார். பிப்ரவரியில.”

“அதுக்கப்புறந்தான் ஆண்டு விழாவா?”

“ஆமா. மார்ச்சுல. கோலாட்டம் நம்ம வகுப்புதான். நீதான் முன்னால நின்னு ஆடணும்.”

அவள் அப்படியே ஓடிப்போய் மற்றப் பெண்களிடம் சொன்னாள். பொங்கலுக்கு முன்னாலேயே ஒத்திகையை ஆரம்பித்தோம். பன்னிரண்டு பேர். சவுக்கு விறகில் சீவிய கோல்கள். ஒருமுறை சொல்லிக் கொடுத்தால் அவளுக்குப் போதும். மற்றவர்கள் அவளைப் பார்த்துத் திரும்புவார்கள்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் அவள் வரவில்லை. ஒரு வாரம் பார்த்தேன். பிறகு மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் வீட்டுக்குப் போனேன். அப்பா ஒரு மாந்தோப்பில் காவல்காரர், தோப்பை ஒட்டிய இரண்டு அறை வீடு. அம்மா மட்டும் இருந்தார்.

“பெரியவளுக்குக் கண்ணாலம் ஆயிப் போச்சு டீச்சரம்மா. அவ பட்டறைக்குப் போய்க்கினு இருந்தா. அந்த எடத்துக்கு ஆளு வோணும்னு மேஸ்திரி வந்து நின்னுட்டான். ரெண்டே மாசம். வேற ஆளு கெடைச்சதும் சின்னவள இஸ்கூலுக்கு அனுப்பிடறேன்.”

“பதிமூணு வயசும்மா அவளுக்கு. மிஷின்ல எல்லாம் விடக்கூடாது.”

“மிஷின்ல இல்லீங்க. தகடு பொறுக்கிப் போடற வேலைன்னு சொன்னாங்க.”

அதை நம்புவது எனக்கும் வசதியாக இருந்தது. அவர் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

தலைமையாசிரியரிடம் சொன்னேன். மோசமான மனிதர் இல்லை. ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தது. பிள்ளைகளை அடிக்க மாட்டார். சத்துணவு அரிசியில் ஒரு பிடி கூட வெளியே போக விடமாட்டார். கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். அந்த வருடம் மேல் வகுப்புகளில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். இன்னும் ஒரு பேர் குறைந்தால் ஓர் ஆசிரியர் பணியிடம் உபரி என்று கணக்காகிவிடும்.

“உபரின்னா யாரைத் தூக்குவாங்க? இங்க கடைசியா வந்தவங்க நீங்கதான். குழந்தைய வெச்சுக்கிட்டு எந்த மூலைக்குப் போவீங்க? அந்தப் பொண்ணுதான் ரெண்டு மாசத்துல வந்துடும்ங்கறாங்களே. பேரை எடுக்காதீங்க. வருகை போட்டுக்கிட்டே வாங்க.”

மறுநாள் காலை வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே ஒரு சாய்கோடு போட்டேன். மதியம் அதைக் குறுக்கே வெட்டி இன்னொரு கோடு. காலைக்கு ஒன்று, மதியத்துக்கு ஒன்று, அதுதான் வழக்கம். முதல் மூன்று நாள் கை கூசியது. அதற்குப் பிறகு கூசவில்லை. ஜனவரி மாதக் கடைசியில் சராசரி வருகையைக் கூட்டிப் போடும்போது அவளையும் சேர்த்துத்தான் கூட்டினேன்.

ஆண்டாய்வுக்கு முந்தைய நாள், அவள் வீட்டுப் பக்கம் இருக்கிற பெண் ஒருத்தியிடம் சொல்லியனுப்பினேன், நாளைக்கு ஒரு நாள் மட்டும் வந்து போகச் சொல்லி. வந்தாள். தலைக்கு நிறைய எண்ணெய் வைத்து, மடித்துக் கட்டிய ரிப்பனோடு.

“மேஸ்திரிகிட்ட வயித்து வலின்னு சொல்லிட்டேன் டீச்சர்.”

அவள் நோட்டைத் திறந்தபோது விரல்களைப் பார்த்தேன். நக இடுக்கில் கறுப்பாக மிஷின் ஆயில். விரல் நுனிகளில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய வெட்டுகள். தகடு பொறுக்குகிற கைதான் என்று நினைத்துக்கொண்டேன். ஆபீசர் வருவதற்குள் நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு வா என்று குழாயடிக்கு அனுப்பினேன். அன்று நான் அவளுக்குச் சொன்ன புத்தி அதுதான்.

அதிகாரி அவளைத்தான் எழுப்பினார். ஒரு பக்கம் தடங்கல் இல்லாமல் வாசித்தாள். “நல்லா தயார் பண்ணியிருக்கீங்க” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். சாயங்காலம் போகும்போது அவள் என்னிடம் வந்தாள்.

“ஆண்டு விழாவுக்கு நான் வரலாமா டீச்சர்? ஒத்திகைக்கு விட மாட்டாங்க.”

“ஒத்திகைக்கு வராட்டி என்ன, உனக்குத்தான் எல்லா அடியும் தெரியுமே. அன்னைக்கு மட்டும் வந்துடு.”

மார்ச் மாதத்தில், ஆண்டு விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை. மதியம் சோறு போட்டுக்கொண்டிருந்த சத்துணவு ஆயா என்னிடம் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“டீச்சர், உங்க கிளாஸ் பொண்ணு கையை மிஷின் அடிச்சிருச்சாம். காத்தால பதினோரு மணி இருக்குமாம். வேன்ல போட்டு எடுத்துக்கினு போனாங்களாம்.”

எந்த ஆஸ்பத்திரி என்று அவருக்குத் தெரியவில்லை. மணி அடித்தார்கள். வகுப்புக்குப் போனேன். மேசையில் பதிவேடு விரித்துக் கிடந்தது. வரிசையாகக் கோடுகளை வெட்டிக்கொண்டே வந்த என் கை, அவள் பெயரிலும் வெட்டிவிட்டது. போட்ட பிறகுதான் பார்த்தேன். பதிவேட்டில் அடித்துத் திருத்தக் கூடாது. மூடி வைத்துவிட்டேன்.

வலது கையில் நடு மூன்று விரல்கள் போய்விட்டன. அவள் பிரஸ் மிஷினில்தான் உட்கார்ந்திருந்தாள். தகட்டை அச்சில் வைப்பது, காலால் மிதிப்பது, எடுப்பது. பொங்கல் முடிந்த முதல் வாரத்திலிருந்தே அதுதான் வேலை. பட்டறைக்காரர்கள் முதலில் தெரிந்த டாக்டர் ஒருவரிடம் அழைத்துப் போயிருக்கிறார்கள். அவர் கட்டுப் போட்டுவிட்டு முடியாது என்றதும், ஒவ்வொரு இடமாகச் சுற்றிவிட்டு, சாயங்காலம்தான் ஓசூர் அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் மணி ஆறரை. ராகி மில்லில் பெல்ட்டில் கை மாட்டியது என்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள். வைத்தியத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி, அவள் அப்பாவிடம் மில் என்றே எழுதிய ஒரு தாளில் கைநாட்டும் வாங்கிவிட்டார்கள்.

ஆனாலும் யாரோ மனுப் போட்டிருந்தார்கள். அடுத்த வாரம் தொழிலாளர் துறையிலிருந்து ஓர் ஆய்வாளர் பள்ளிக்கு வந்தார். இளைஞர், என் வயதுதான் இருக்கும். தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்து பதிவேட்டைக் கேட்டார். வியாழக்கிழமைக் கட்டத்தில் விரலை வைத்தார்.

“பட்டறையில, இந்தப் பொண்ணு எங்ககிட்ட வேலையே பார்க்கலை, தினமும் ஸ்கூலுக்குப் போற பொண்ணுங்கறாங்க. பொண்ணோட அம்மா பதினோரு மணிக்குப் பட்டறையில அடிபட்டுச்சுங்கறாங்க. இதுல காலை, மதியம் ரெண்டு நேரமும் வருகை இருக்கு. நீங்கதானே கிளாஸ் டீச்சர்? அன்னைக்குப் பொண்ணு ஸ்கூலுக்கு வந்துச்சா?”

தலைமையாசிரியர் மேசைக்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறைக்கு வெளியே வராண்டாவில் அவள் அம்மா நின்றிருந்தார். கதவு திறந்துதான் இருந்தது.

“பதிவேட்டுல என்ன இருக்கோ அதுதான் சார்,” என்றேன்.

அவர் பேனா மூடியைக் கழற்றினார். இன்னொரு முறை கேட்பார் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு, எங்கள் இருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

வராண்டாவில் அந்த அம்மா என் வழியை மறித்தார். கத்தவில்லை. புரியாத ஒன்றைக் கேட்பது போலத்தான் கேட்டார்.

“நீங்களே எங்கூட்டுக்கு வந்தீங்களே டீச்சரம்மா. பட்டறைக்குப் போறான்னு நான் சொன்னேன் இல்ல? மோரு குடிச்சிட்டுத்தானே போனீங்க?”

வகுப்பில் பிள்ளைகள் சத்தம் போடுகிறார்கள் என்பது போல அந்தப் பக்கம் நடந்தேன்.

ஆண்டு விழா நடந்தது. சீரியல் விளக்கு, மைக் செட், பாத்திரக் கடைக்காரர் கொடுத்த எவர்சில்வர் டம்ளர்கள் பரிசாக. கோலாட்டத்துக்கு ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தியைச் சேர்த்து ஆளைச் சரிக்கட்டியிருந்தேன். அடிபட்டவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். முழங்கை வரை கட்டு. முன்வரிசையில் தரையில் உட்கார்ந்து கடைசி வரை பார்த்தாள். முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்தாள்.

“டீச்சர், மூணாவது சுத்துல அந்தப் புது பொண்ணு தப்பா திரும்புறா. அதாலதான் இடிச்சிக்கிறாங்க.”

“வலிக்குதா?” என்று கேட்டேன்.

“ராத்திரிலதான் டீச்சர். இல்லாத விரலு அரிக்குது.”

அன்று வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கம்பெனியில் இப்படி நிறையப் பேரைப் பார்த்திருந்தார். “இப்ப போய்ச் சொன்னா உன் வேலைதான் போகும்” என்றார். பயந்துதான் சொன்னார். ஒரு மாதத்துக்கு மேல் அதையே நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏப்ரல் கடைசியில், ஆண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்தும்போது அவள் பெயருக்கு என்ன போடுவது என்ற கேள்வி வந்தது. தேர்வுக்கு அவள் வரவில்லை. “வருகை இருக்கறதால பாஸ் போட்டுடுங்க” என்றார் தலைமையாசிரியர். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு அந்த அறையில் என்னால் உட்கார முடியவில்லை.

நடந்ததை இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு, தொழிலாளர் துறை ஆபீஸ் இருந்த தருமபுரிக்குப் பஸ் ஏறினேன். அதே இளைஞர்தான் இருந்தார். நின்றபடியே படித்தார்.

“அப்ப அன்னைக்கு நீங்க சொன்னது பொய்?”

“ஆமா சார்.”

“கதவுக்கு வெளியே அந்தம்மா நின்னுக்கிட்டிருந்தாங்க. எனக்கும் தெரியும், நீங்க பொய் சொல்றீங்கன்னு. ஆனா என் கையில இருந்தது பதிவேடு ஒண்ணுதான்.” காகிதத்தை மடித்தார். “அப்பாவே மில்லுன்னு கைநாட்டு வெச்சிருக்கார். ஆஸ்பத்திரிச் சீட்டும் அப்படித்தான் இருக்கு. ஸ்கூல்லயும் இருந்ததா ஆயிடுச்சு. ஃபைலை மூடி மேல அனுப்பி மூணு வாரமாச்சு. இதையும் அனுப்பறேன். ஒண்ணும் ஆகும்னு தோணலை. உங்களுக்குத்தான் ஆகும்.”

அப்படித்தான் ஆனது. பட்டறையை யாரும் தொடவில்லை. கடிதம் எங்கள் துறைக்கு வந்து சேர்ந்து, எனக்கும் தலைமையாசிரியருக்கும் விளக்கம் கேட்டு ஓலை வந்தது. எனக்கு ஊதிய உயர்வு நிறுத்தம், வேப்பனப்பள்ளிக்கு அப்பால் ஆந்திர எல்லையை ஒட்டிய ஒரு பள்ளிக்கு மாற்றல். அவருக்கு ஓய்வூதியம் நெடுநாள் இழுபறியானது. அந்தப் பள்ளியில் என் கடைசி நாளில் விடைபெறப் போனபோது அவர் எழுந்திருக்கவில்லை.

“உங்களுக்காகத்தானம்மா போடச் சொன்னேன்,” என்றார். அதில் பாதி உண்மை. அதனால்தான் எனக்கு இன்றும் அது வலிக்கிறது.

ஊரைவிட்டுப் போகும் முன் அவள் வீட்டுக்குப் போய், தருமபுரிக்குப் போய் எழுதிக் கொடுத்ததைச் சொன்னேன். அந்த அம்மா முறத்தில் ராகியைப் புடைத்துக்கொண்டே கேட்டார்.

“இப்ப எதுக்குங்க டீச்சரம்மா?”

வாசல்படியில் அவள் பழைய நோட்டு ஒன்றை மடியில் வைத்து, இடது கையால் எழுதிப் பழகிக்கொண்டிருந்தாள். எழுத்துகள் முதல் வகுப்புப் பிள்ளையுடையவை போலப் பெரிதாக, சரிந்து விழுந்திருந்தன.

“எட்டாவதுல சேத்துக்குவாங்களா டீச்சர்? எழுத நேரமாவுமே?”

“சேர்த்துக்குவாங்க. பாஸ்னுதான் இருக்கு.”

சேர்ந்தாளாம். எனக்குப் பதிலாக வந்த டீச்சரைப் பல மாதம் கழித்து கிருஷ்ணகிரியில் ஒரு பயிற்சி வகுப்பில் பார்த்தபோது சொன்னார். இரண்டு மாதம் ஒழுங்காக வந்தாள், காலாண்டுத் தேர்வில் எந்தத் தாளையும் முடிக்க முடியவில்லை, அதற்குப் பிறகு வரவில்லை.

அடுத்த கோடையில் ஒருநாள் அந்தத் தோப்புக்குப் போனேன். வீட்டில் வேறொரு காவல்காரர் குடும்பம் இருந்தது. அந்தப் பெண்மணி கன்னடத்தில் பேசினார். அதற்குள் எனக்குக் கொஞ்சம் புரிய ஆரம்பித்திருந்தது. அவர்கள் எல்லோரும் கர்நாடகத்துக்குள் ஆனேக்கல் பக்கம் வேலைக்குப் போய்விட்டார்கள், எந்த ஊர் என்று தெரியாது என்றார். கை சரியில்லாத பெண்ணையும் கூட்டிக்கொண்டுதானே போனார்கள் என்று கேட்டேன். ஆமாம், ஏதோ வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள விட்டிருப்பதாகக் கேள்வி என்றார். பிறகு, நீங்கள் அவர்களுக்கு என்ன உறவு என்று கேட்டார். எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் வந்துவிட்டேன்.